பூஜையில் வைத்த கிடார்

ஆயுதபூஜை அன்று காலை, பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று எல்லாவற்றையும் இரண்டு கையிலும் சுமந்துகொண்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்து கதவைத் தள்ளினால், ஹாலில் என் தம்பியின் கிடார் குப்புறப் படுத்திருக்கிறது. அதன் கழுத்தில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் தாராளமாகக் குங்குமம்.

"அய்யய்யோ, யாருப்பா இந்த வேலையப் பாத்தது?" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்.

யார் என்று கேட்டதே அசட்டுத்தனம். வீட்டில் இருந்தது அப்பா ஒருவர்தான். என் வீட்டுக்காரர் விடிந்ததுமே ரயில்வே ஒர்க்‌ஷாப் பூஜைக்குக் கிளம்பிவிட்டார். அப்பா குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து தன் ஸ்பேனர்களுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். திருவெறும்பூர் ஃபேக்டரியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்து ரிட்டையர் ஆனவர். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். வரும்போது கொண்டுவந்த சாமான்களில் பாதிக்கு மேல் இரும்பு.

அவருக்கு ஆயுதபூஜைக்கு அப்புறம்தான் தீபாவளி, பொங்கல் எல்லாம். முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் காட்டி, ஹாலில் வெள்ளை வேட்டி விரித்து அடுக்கிவிடுவார். மில்லிமீட்டர் கணக்கு பார்க்கிற வெர்னியர், மைக்ரோமீட்டர், என் தையல் மிஷின், லேப்டாப், அரிவாள்மனை, பூரிக்கட்டை வரைக்கும் பொட்டு. போன வருஷம் டிவி ரிமோட்டுக்கும் வைத்தார். அதெல்லாம் பரவாயில்லை, மறுநாள் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். இது அப்படிப்பட்ட சாமான் இல்லை.

"ரோஸ் வாட்டர் விட்டுத்தான் சந்தனம் கொழைச்சேன்" என்றார் அப்பா, அது ஏதோ சமாதானம் மாதிரி.

கிடார் கழுத்தின் பின்பக்கம், கட்டைவிரல் ஏறி இறங்கும் இடம், கடையில் வாங்கும்போது வழவழவென்று வார்னிஷ் பூசித்தான் வரும். என் தம்பிக்குக் கை வேர்க்கும். திருச்சி வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? வேர்த்த கை வார்னிஷில் ஒட்டிக்கொள்கிறது, விரல் நகர மாட்டேன் என்கிறது என்று புலம்பிப் புலம்பி, ஒரு நாள் உப்புத்தாளை எடுத்து அத்தனை வார்னிஷையும் சுரண்டித் தள்ளிவிட்டான். உள்ளே இருந்தது வெளுத்த மரம், உரித்த பனங்கிழங்கு நிறத்தில். அன்றையிலிருந்து அதற்கு ஆளிவிதை எண்ணெயும் அதன் மேல் தேன்மெழுகும்தான் பூச்சு. தொட்டால் பச்சை மரத்தைத் தொடுகிற மாதிரியே இருக்கும். ஆனால் எது பட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சென்னைக்குப் போனபோது அவன் அந்தக் கிடாரை என் தலையில் கட்டிவிட்டுத்தான் போனான். நாலு பேரோடு ஒரே ரூமில் தங்கப் போகிறவன், வேறொரு கிடாரைத் தூக்கிக்கொண்டு, இதை என்னிடம் விட்டான். "க்கா, சும்மா மூலையில போட்டு வச்சிடாத, மரம் காஞ்சு போயிடும்" என்று வீடியோ காலில் பாடம் வேறு எடுத்தான். முதலில் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். அழுக்குப் பிடித்த இடத்தை மாவு மாதிரி நைஸான இரும்புப் பஞ்சால், பாத்திரம் தேய்க்கிற கம்பி இல்லை, பெயின்ட் கடையில் கேட்டால் தருவார்கள், மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும். "குறுக்க தேச்ச, அவ்ளோதான், உன்னோட பேசவே மாட்டேன்." அப்புறம் துணியில் நாலு சொட்டு எண்ணெய். பூசிய கையோடு மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். காயாமல் பெட்டியில் போட்டு மூடினால் பிசுபிசுத்துப் போகும். காய்ந்த பிறகு மெழுகைத் துளி தொட்டு, சூடு பிறக்கிற வரைக்கும் தேய்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அழுக்கை முழுக்க எடுக்காமல் எண்ணெய் போடவே கூடாது. போட்டால் அந்த அழுக்கு எண்ணெயோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஜென்மத்துக்கும் வெளியே வராது.

எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் அந்தக் கழுத்தை மட்டும் வருஷக்கணக்காக நன்றாகவே பார்த்துக்கொண்டேன். நான் உட்கார்ந்து தேய்க்கும்போது அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். கிடார் என்ற வார்த்தையையே அவர் சொல்ல மாட்டார். ஒரே ஒரு தரம் பேசினார். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே, தானாகத் தீப்பிடிக்கும் என்று தம்பி போனில் சொன்னான். "என்னடா கதை விடுற, துணி எப்படிடா தானா எரியும்?" என்று நான் சிரித்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நெசந்தான். ஃபேக்டரியில பாத்திருக்கேன். பால்கனியில விரிச்சுக் காயப் போடு." போனில் தம்பி சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவினான். அப்பா பக்கத்தைப் புரட்டிக்கொண்டார்.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணமும் ஒரு ஆயுதபூஜைதான்.

அப்போது அப்பா திருவெறும்பூரில் இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி டிப்ளமா முடித்து, அப்பா நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு, கல்யாணக் கச்சேரிகளில் கிடார் வாசிக்க ஆரம்பித்திருந்தான். பூஜை அன்று குளித்துவிட்டு வந்து, இந்தக் கிடாரில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி, அப்பாவின் வெர்னியர் பக்கத்தில் பயபக்தியோடு வைத்தான். வீடு நிறைய சொந்தக்காரர்கள். அப்பா கிடாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். கொண்டுபோய்ச் செருப்பு ஸ்டாண்டு ஓரம் சாய்த்து வைத்தார். "சோறு போடுறதுக்குப் பேருதான்டா ஆயுதம். இது விளையாட்டுச் சாமான்." யாரோ சித்தப்பா சிரித்தார். தம்பியின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே அவன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான்.

அதற்கப்புறம் அப்பா இருக்கும் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும். பிடிவாதத்தில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான்.

இப்போது அவனுக்குச் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் வாசிக்கிற வேலை கிடைத்திருந்தது. போனால் திரும்பி வர ரொம்ப நாளாகும். கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருந்தது, இருந்தாலும் பூஜை அன்றே வந்து கிடாரை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போய்விடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். "சாயங்காலம் ட்ரெயின்ல எறங்கி ஆட்டோவுல வரேன். நீ கீழ கொண்டு வந்து குடுத்துடு. மேல வர மாட்டேன்க்கா. என்னைக் கம்பெல் பண்ணாத." நான் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தபோது சொன்னது. அப்பா பக்கத்து ரூமில்தான் இருந்தார்.

நான் போட்டு வைத்திருந்த திட்டம் இதுதான். கிடாரைப் பளபளவென்று ஆக்கி, கீழே கொண்டுபோய்க் கொடுத்து, அவன் மனசு குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போடா" என்று எப்படியாவது மேலே இழுத்து வந்துவிட வேண்டும். அப்பாவுக்கும் வயசாகிறது. கப்பலில் போனவன் திரும்பி வரும்போது என்ன நிலைமையோ. இந்த ஒரு சாயங்காலத்தை விட்டால் வேறு கிடையாது. அதில்தான் இவர் குங்குமத்தைக் கொட்டி வைத்திருந்தார்.

பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கிடாரை எடுக்கப் போனேன்.

"தொடாத" என்றார் அப்பா. "பூஜையில வச்சாச்சு. நாளைக்குக் காலைல புனர்பூஜை முடியாம யாரும் எடுக்கக் கூடாது."

"அப்பா, அவன் இன்னைக்கு சாயங்காலம் வரான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? தெருவுல ஓடுற ஆட்டோ பூரா பொட்டு வச்சுக்கிட்டுத்தானே ஓடுது? அதெல்லாம் நாளைக்குத்தான் எடுப்பேன்னு நிக்குதா?"

"அது வண்டி. இது பூஜையில வச்சது."

இந்த மனுஷரோடு வாதாடுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் அந்த மூலைப் பக்கமே திரும்பாதவருக்கு இன்றைக்கென்று பார்த்து எங்கிருந்து வந்தது இந்தப் பக்தி? வேணும்னே பண்ணுகிறாரோ, பிள்ளை ஆசையாக எடுத்துப் போவதைக் கெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்று கூட ஒரு நொடி தோன்றியது. சுண்டலைத் தாளித்தேன், வடையைத் தட்டினேன், பாயசத்தைக் கிளறினேன், எல்லாம் டமார் டமார் என்று. கற்பூரம் காட்டும்போது சாமியைப் பார்க்கவில்லை. அந்த மூன்று பொட்டைத்தான் பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓரம் வெடிக்க ஆரம்பித்திருந்தது. அப்படியென்றால் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பிட்டதும் அப்பா ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். குறட்டைச் சத்தம் வருகிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு கிடாரைத் தூக்கினேன். பூஜையில் வைத்ததைத் தொட்டதற்கு ஏதாவது பாவம் வருமென்றால் அது இந்த வீட்டு ஆண்பிள்ளைகள் கணக்கிலேயே ஏறட்டும்.

காய்ந்த சந்தனம் தட்டியதும் உதிர்ந்தது. அடியில் பளிச்சென்று மூன்று சிவப்பு வட்டம். காய்ந்த துணியால் தேய்த்தேன், அசையவில்லை. குழந்தைகள் எழுதி அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன், ரப்பர்தான் சிவந்தது. டர்பன்டைனில் துணியை நனைத்து ஒற்றினேன். மெழுகு கரைந்து வந்தது, கூடவே கொஞ்சம் சிவப்பும். அப்புறம் இரும்புப் பஞ்சை எடுத்து ரேகையோடு மெல்ல மெல்லத் தேய்த்தேன். அழுத்தினால் மரம் பள்ளமாகும், அவன் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். அழுத்தாவிட்டால் கறை போகாது. முதல் பொட்டு போவதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. இரண்டாவதும் போனது, ஆனால் அந்த இரண்டு இடமும் மற்ற இடத்தை விட வெளிறித் தெரிந்தன. எண்ணெய் போட்டால் சேர்ந்துகொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது பொட்டு நட்டநடுவில், அவன் கட்டைவிரல் ஓயாமல் உரசி உரசி மழுங்கின இடத்தில் இருந்தது. அங்கே பூச்சு தேய்ந்து போயிருந்ததால் குங்குமம் ஆழமாக இறங்கியிருந்தது. தேய்த்தேன், தேய்த்தேன், அது சிரித்துக்கொண்டு இருந்தது. மணி நாலரைக்கு மேல். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"விடும்மா" என்று பின்னால் குரல்.

அப்பா ரூம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கையும் களவுமாக மாட்டிக்கொண்ட எரிச்சலில் நான் வெடித்துவிட்டேன்.

"விடுறதா? இது இரும்பாப்பா, துடைச்சாப் போறதுக்கு? மரம்ப்பா! பூச்சு இல்லாத மரம்! நான் எவ்ளோ நாளாப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டது. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

அவர் கிடாரைப் பார்க்கவில்லை. அது கிடந்த இடத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். வேட்டியின் மேல், கிடாருக்கு மட்டும் தனியாக ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார், தந்தி அழுந்தாமல் இருக்க. அது வெர்னியருக்கு ஒட்டின இடம். அன்றைக்கு அவன் வைத்த அதே இடம்.

"அன்னைக்கு வைக்க விடலைன்னுதானே போனான்" என்றார். "இன்னைக்கு நானே வச்சேன். எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

என் கையில் இருந்த இரும்புப் பஞ்சைக் கீழே போட்டேன். மூன்று பொட்டில் இரண்டை அழித்தாகிவிட்டது. மூன்று பொட்டும் இருந்திருந்தால் அவர் சொல்ல வந்தது முழுசாக இருந்திருக்கும், நானே பாதிக்கு மேல் சுரண்டி எடுத்துவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. கிடாரைத் துண்டின் மேல் முன்னிருந்தது போலவே குப்புற வைத்தேன். எண்ணெய் பாட்டில், மெழுகு டப்பா, பஞ்சு எதையும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது. போனும் அடித்தது. "க்கா, வந்துட்டேன். எடுத்துட்டு வா."

வெறும் கையோடு இறங்கினேன். தெரு முழுக்க உடைத்த பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் பெரிய பொட்டு. தம்பி இளைத்திருந்தான், தாடி வைத்திருந்தான். என் கையைப் பார்த்தான்.

"எங்க?"

"மேல இருக்கு. நீ வந்து எடுத்துக்க."

"சொன்னேன்ல, மேல வர மாட்டேன்னு. இந்த வேலையெல்லாம் வேணாம்க்கா."

"ஒரு வேலையும் இல்ல. பூஜையில வச்சிருக்கு. நான் தொட முடியாது." டர்பன்டைன் நாற்றம் அடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பூஜையிலயா? நீ எதுக்கு வச்ச?"

"நான் எதுக்குடா வைக்கப் போறேன். அப்பா வச்சாரு."

அவன் என்னையே பார்த்தான். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தான். ஆட்டோக்காரர், "சார், நிக்கவா, போகவா?" என்றார். "இருங்கண்ணே, இதோ வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் கால் வைத்தான். நான் அவன் பின்னாலேயே, வழியில் எங்காவது நின்றுவிடப் போகிறானே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

அப்பா சேரில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. வா என்று சொல்லவும் இல்லை. தம்பியும் அவர் பக்கம் திரும்பவில்லை. பூஜை வரிசையைப் பார்த்தான், வெர்னியரைப் பார்த்தான், அதன் பக்கத்தில் துண்டின் மேல் கிடந்த கிடாரைப் பார்த்தான். ஷூவை வெளியே விட்டிருந்தான், சாக்ஸோடு மண்டியிட்டு உட்கார்ந்தான். கட்டைவிரல் தன்னால் அந்தக் கழுத்தில் ஓடியது. நின்றது.

"யாரு இங்க ரெண்டு எடத்துல சுரண்டினது?"

"நான்தான்டா. மூணு பொட்டு இருந்துச்சு. ஊறிப்போச்சு. நீ வர்றதுக்குள்ள எடுத்துடலாம்னு…"

"அப்புறம் இதை ஏன் விட்ட?"

"பஞ்சு அங்க இருக்கு. நீயே எடுத்துக்க" என்றேன்.

அவன் இரும்புப் பஞ்சைக் கையில் எடுத்தான். அப்பா சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். தம்பி பஞ்சை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டு எண்ணெய் பாட்டிலைத் திறந்தான்.

"டேய், டேய், கறை எடுக்காம எண்ணெய் போட்டா உள்ள உக்காந்துக்கும்டா. அப்புறம் போகவே போகாது, நீதானே சொன்ன!"

"தெரியும்க்கா" என்றான்.

துணியில் சொட்டுவிட்டு, பொட்டின் மேலேயே வைத்து, ரேகையோடு நீளமாக இழுத்தான். எண்ணெய் பட்டதும் குங்குமம் கறுத்து, மரத்தின் நிறத்தோடு சேர்ந்து ஆழமான சிவப்பானது. நான் சுரண்டிய இரண்டு இடத்தையும் தடவி மூடினான். மிச்ச எண்ணெயைத் துடைத்து எடுத்தான். மூக்கை உறிஞ்சினான். கிடாரைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். திரும்ப அந்தத் துண்டின் மேல், இருந்த இடத்திலேயே படுக்க வைத்தான்.

கையில் இருந்த துணியைப் பந்தாகச் சுருட்டினான்.

"அதைச் சுருட்டாத" என்றார் அப்பா. "பால்கனியில விரிச்சுக் காயப் போடு."

தம்பி முதல் தரமாக அவர் பக்கம் திரும்பினான்.

"சரிப்பா" என்றான்.

எழுந்து பால்கனிக்குப் போய், துணியைப் பிரித்துக் கம்பியில் விரித்துப் போட்டு க்ளிப் மாட்டினான். அப்புறம் எட்டிக் கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"அண்ணே, நீங்க கெளம்புங்க. இது காய ராத்திரி பூரா ஆகும்."